விருந்தாளிக்கு அள்ளிய தண்ணீர்

கோப்பில் குறைவாக இருந்தது லியோனின் கையெழுத்து மட்டுந்தான். சேர்மன் வைத்துவிட்டார். கிராமச்சபை உறுப்பினர் எட்டுப்பேரும் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோன எஞ்சினியர் தன் பெயரை முழுதாக எழுதித் திகதியும் இட்டிருந்தார். ‘நேரிற் பரிசோதித்துப் பொருத்தமெனக் கண்டேன்’ என்ற வரிக்குக் கீழே, சபை வேலைகளை மேற்பார்க்கும் லியோனுக்காக ‘ஓவசியர்’ என்று தட்டச்சிட்ட இடம் மூன்று நாளாக வெறுமையாகக் கிடந்தது.

1974ஆம் ஆண்டு சித்திரை மாதம். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில், நாவற்கேணி ஊர்க்கிணற்றை வெடிவைத்து இன்னும் ஆறடி ஆழமாக்குவது, இறைக்கும் மெசின் பூட்டுவது, மேட்டில் ஒரு தாங்கி கட்டுவது என்பதுதான் திட்டம். தாங்கியிலிருந்து ஒரு குழாய் தோட்டங்களுக்குப் போகும். இன்னொன்று புதுத்துறைக்குப் போகும். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வராமல் நின்றுபோன காலம் அது. ஒரு பரப்பு மிளகாய் வைத்தவன் கல்வீடு கட்டினான். தண்ணீர் இருந்தவனுக்கு எல்லாம் இருந்தது.

புதுத்துறை, லியோன் பிறந்த இடம். நாற்பது வீடு, ஒரு கத்தோலிக்கக் கோவில், கரையில் வரிசையாக வள்ளங்கள். எங்கே தோண்டினாலும் இரண்டடியில் சவர், உப்புத்தண்ணீர்தான் வரும். அதனால் புதுத்துறைப் பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்து ஊர்க்கிணற்றுக்கு வருவார்கள். தோட்டக்காரர் வீட்டுப் பெண்கள் அள்ளி முடியும்வரை வேலியோரம் நிற்பார்கள். லியோனின் தாய் அப்படி நின்றவள். இப்போது அக்கா மேரிறோஸ் நிற்கிறாள். புதுத்துறைக்குக் குழாய் வருமென்றால் முதலில் சந்தோசப்பட வேண்டியவர் லியோன்தான். அதனாலேயே எல்லாரும் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

வலை இழுக்கும் குருசுமுத்துவின் மகன் ஓவசியர் ஆனது ஊருக்கு ஒரு புதினம். 1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்த அதே வருடம், அரசாங்கப் பரீட்சையில் தேறி, குளக்கட்டு வேலைக்கென்று அநுராதபுரத்துப் பக்கம் போனார். எட்டு வருடம் அங்கே மட்டப்பலகையும் சங்கிலியுமாக அலைந்தார். கட்டு வேலையாட்களோடு சிங்களத்திலேயே பகிடிவிட்டுச் சிரிப்பார். ஆனால் பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை எழுத வேண்டும் என்று கடிதம் வந்தபோது எழுதவில்லை. “ஆசையோடை பேசுற பாசை. அதை ஏன் தண்டனையாக்குறியள்?” என்று மேலதிகாரியிடம் கேட்டாராம். உயர்வு நின்றது. 1964இல் தீவுக்குத் திரும்பி, கிராமச்சபையின் அலுவலகமான கந்தோரில் சேர்ந்தார்.

குளக்கட்டில் ஒன்றைப் பழகியிருந்தார். அளக்காமல் வாய் திறப்பதில்லை. ஊர்க்கிணற்றில் எப்போதும் இடுப்பளவு ஆழத்திலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் தண்ணீர் எடுத்து, மஞ்சள் மருந்து இரண்டு சொட்டு விட்டு, அதற்குள் வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விடுவார். மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும்வரை எத்தனை துளி என்று எண்ணுவார். உப்புக் கூடக் கூடத் துளியும் கூடும். பத்து வருடக் குறிப்பு கொப்பியில் இருந்தது. மாரிக்குப் பிறகு பத்து, பதினொன்று. சித்திரையில் பதினெட்டுக்குக் குறைந்ததே இல்லை.

எஞ்சினியரின் அறிக்கையோ, இந்தச் சித்திரையில், அதுவும் இரண்டு வருடம் மழை பொய்த்த பிறகு, ஒன்பது துளி என்றது.

எஞ்சினியர் பாலசிங்கம் பொய் எழுதுகிற ஆளில்லை. இருபத்தேழு வயது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். சேர்மன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டபோதும் மறுத்து, கந்தோர் வாங்கில் குந்தியிருந்து தான் கொண்டுவந்த பாண் துண்டைத் தின்றவர். அப்படியானவரின் எண் பிழைக்குமா? தன்னுடைய பத்து வருட எண்கள் பிழையா? முதல்நாள் பின்னேரம் முழுவதும் லியோன் தன் மருந்துப் போத்தலைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டாம் நாள் மழைத்தண்ணீரில் போட்டுப் பார்த்தார். மருந்து சரியாக இருந்தது. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அந்த வருடம் கிணறு பார்க்கிறவள் நாகபூசணி. நாவற்கேணியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பொங்கல் கழிந்த கிழமை பெண்கள் கூடி, ஒருத்தியைக் கிணறு பார்க்க வைப்பார்கள். யாரும் வாளியைத் தாழ விடக்கூடாது. தண்ணீரின் மேற்பரப்பில் சரித்து அள்ள வேண்டும். அதைக் கவனிப்பது அவள் பொறுப்பு. கிணற்றோடு ஒட்டிய காணி உள்ள வீட்டுப் பெண்ணை மட்டும் ஒருபோதும் வைப்பதில்லை. அந்த வழக்கத்தை மீற, வெள்ளைக்காரர் காலத்து ஊரதிகாரியான ஒரு விதானையார் முயன்றதும், வழக்கு யாழ்ப்பாணக் கச்சேரி என்ற மாவட்டக் கந்தோர்வரை போனதும், ‘அயற்காணிக்காரர் கிணற்றுப் பொறுப்பு ஏற்கலாகாது’ என்று மாவட்டத்தை ஆண்ட ஏசண்டர்துரை எழுதிக் கொடுத்ததும் கந்தோர் அலுமாரியில் பழுப்பேறிய ஒரு தாளில் இருந்தன. லியோன் அதைப் பலமுறை வாசித்திருக்கிறார். நேர்மையான நிருவாகம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று கந்தோரில் யாராவது சொன்னால் அந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். துரை ஒரு வரி எழுதினார், உண்மைதான். ஆனால் அவர் எழுதமுதல் எத்தனை பெண்கள் அதை வாயாலேயே சொல்லிக் காப்பாற்றியிருப்பார்கள்?

“நாகபூசணி அக்கா, எஞ்சினியர் வந்த அண்டைக்குத் தண்ணி ஆர் அள்ளிக் குடுத்தது?”

“நான்தான். ஏன், குறை சொல்லிப்போட்டாரோ?”

“இல்லை. நல்லாயிருக்கெண்டு எழுதியிருக்கிறார்.”

அவள் முகம் மலர்ந்தது. “பின்னை! அந்தப் பிள்ளை வருகுதெண்டு சேர்மன் சொல்லிவிட்டவர். விடிய எழும்பி, ஒருத்தரும் வாளி போடமுதல், கயிறு நனையாமல் மேலாலை அள்ளி, வெள்ளைச் சீலையாலை வடிச்சு, புதுப்பானையிலை ஊத்தி வைச்சனான். பிள்ளை குடிச்சுது. இன்னும் கொஞ்சம் தாங்கோ எண்டு போத்தலிலும் வாங்கிக்கொண்டு போச்சுது.”

“போத்தலிலை விட்டதும் அந்தப் பானைத் தண்ணியோ?”

“ஓம். வெளியூராளுக்கு அடித்தண்ணி குடுக்கிறதே? எங்கடை மானம் என்னாகிறது?”

லியோனுக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வேலியோரம் மேரிறோஸ் குடத்தோடு நிற்பது கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. இனி அந்தக் கோப்பில் கையெழுத்து வைக்க ஏலாது.

மேரிறோஸ் நிறைந்த குடத்தோடு அவரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். ஊருக்குச் செய்தி காற்றில் போகும்; அவளுக்கு ஏற்கனவே தெரியும்.

“நீ சைன் வைக்கேல்லையாம்.”

“வைக்கேலாது அக்கா. ஆறடி வெட்டினால் சவர் ஏறும். பிறகு ஊர்க்கிணறும் இல்லை.”

“எஞ்சினியர் நல்லதெண்டு எழுதியிருக்கிறாராம். அவரிலும் நீ படிச்சனியோ?”

“அவர் குடிச்சது மேல்தண்ணி.”

“நாங்கள் குடிக்கிறது மிச்சத் தண்ணி. வெய்யிலுக்கை நிண்டு, அவையள் அள்ளி முடிஞ்ச பிறகு.” அவள் குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “எங்கடை துறையிலை இருந்து ஒருத்தன் கந்தோர்க் கதிரையிலை இருக்கிறானெண்டு அம்மா சாகுமட்டும் பெருமைப்பட்டவ. அந்தக் கதிரை எங்களுக்குச் செய்யிற நன்மை இதுதானோ?”

“அக்கா, ஒரு வருசம் பைப்பிலை நல்ல தண்ணி வரும். அடுத்த வருசம்?”

“ஒரு வருசமெண்டாலும் குடிச்சிட்டுப் போறம்!”

லியோன் வீட்டுக்குப் போய் யோசித்தார். தான் சொல்வது தண்ணீருக்காகத்தானா, அல்லது துறைக்காரன் தன் ஆட்களுக்குச் சலுகை செய்தான் என்ற பேச்சுக்குப் பயந்தா? நியாயமானவன் என்று பேர் வாங்குவதற்காக அக்காவை வெய்யிலில் நிறுத்துகிறேனா? இந்தக் கேள்விக்கு எந்த மருந்திலும் நிறம் மாறவில்லை. அளக்கக்கூடியதை ஊர்முன் அளப்பது ஒன்றே வழி என்று தீர்மானித்துக்கொண்டு மறுநாள் கந்தோருக்குப் போனார்.

சேர்மன் அப்புத்துரை கோப்பை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல. பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி கட்டுவித்தவர். தீவுப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் பொதி சுமக்காமல் சொந்த மண்ணில் மிளகாய் செய்து நிமிர வேண்டும் என்று மேடையில் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

“என்ன ஓவசியர், பேனை எழுதேல்லையோ? நல்ல பேனை தரட்டோ?”

“பேனை நல்லாத்தான் எழுதுது, ஐயா. எஞ்சினியரைத் திரும்பக் கூப்பிடுங்கோ. எல்லாருக்கும் முன்னாலை கிணத்தை அளப்பம்.”

“அவர் அளந்தவர்தானே? பட்டதாரி அளந்ததைக் கரைவலைக்காரன் திருத்தப் போறாரோ?”

கந்தோரில் இரண்டுபேர் சிரித்தார்கள். லியோன் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“ஐயா, உங்கடை நாற்பது பரப்புக் காணி கிணத்தோடை ஒட்டினது. பைப் முதல் அங்கைதான் போகும். அதாலை நல்லதெண்டு நீங்கள் சொல்லேலாது. புதுத்துறையிலை என்ரை அக்கா இருக்கிறா. மற்றப் பைப் அங்கை போகும். அதாலை நானும் சொல்லேலாது. இரண்டுபேரும் விலகி நிப்பம். தண்ணியை அள்ளி எல்லாருக்கும் முன்னாலை வைப்பம். வெட்டலாமெண்டு வந்தால், அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்கிறன்.”

“வராட்டில்?”

“வைக்கமாட்டன்.”

“உம்மை நெடுந்தீவுக்கு மாத்துவிக்க எனக்கு ஒரு கடிதம் காணும், தெரியுமோ?”

“தெரியும் ஐயா. கிணத்தை அளந்தபிறகு எழுதுங்கோ.”

அப்புத்துரை கோப்பை மூடி ஒரு பக்கம் தள்ளினார். தன் பக்கம் பிழையில்லை என்று உறுதியாக நம்பியதால்தான் அவர் சம்மதித்திருக்க வேண்டும். “சரி, வெள்ளிக்கிழமை,” என்றார்.

வெள்ளிக்கிழமை கிணற்றடியில் திருவிழாக் கூட்டம். தோட்டக்காரர் ஒரு பக்கம், புதுத்துறையார் வேலியோரம், நடுவில் எஞ்சினியர் பாலசிங்கம் சட்டைக் கையை மடித்தபடி. அவருக்கு மனத்தாங்கல். தன் அறிக்கையைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

“மிஸ்டர் லியோன், கோப்பாயிலை எங்கடை வீட்டுக் கிணறு வத்தினால் ஆழமாக்குவம். தண்ணி கூடும். இதிலை என்ன புதுசு?”

“கோப்பாயிலை நிலம் பெரிசு, சேர். இஞ்சை சுத்திவரக் கடல். கடல்தண்ணிக்கு மேலை மழைத்தண்ணி மிதக்குது, பாலிலை ஆடை மாதிரி. நாங்கள் ஆடையைத்தான் வழிச்சுக் குடிக்கிறம்.”

“அதை நிரூபியுங்கோ.”

லியோன் ஒரு போத்தலின் அடியில் ஈயக்குண்டு கட்டியிருந்தார். வாயில் தக்கை. தக்கைக்குத் தனிக்கயிறு. போத்தலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டுத் தக்கைக் கயிற்றைச் சுண்டினால், அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். குளக்கட்டில் சேறு அளக்கப் பழகிய வேலை. கயிற்றை எஞ்சினியரின் கையில் கொடுத்தார்.

“நீங்களே இறக்குங்கோ. நான் தொடமாட்டன். சேர்மன் ஐயாவும் தொடவேண்டாம்.”

முதற்போத்தல் மேல்தண்ணீர். எஞ்சினியர் தன் சொந்த மருந்தையே எடுத்தார். துளி விழ விழ நாகபூசணி உரக்க எண்ணினாள். அவளோடு சேர்ந்து மற்றப் பெண்களும் எண்ணத் தொடங்கினார்கள். பத்தாவது துளியில் நிறம் மாறியது.

“பாத்தீரோ? கிட்டத்தட்ட அதே எண்,” என்றார் சேர்மன்.

இரண்டாவது போத்தல் இடுப்பளவு ஆழத்தில் எடுத்தது. இருபத்திரண்டு. கூட்டத்தில் முணுமுணுப்பு. மூன்றாவது அடித்தண்ணீர். இருபது, முப்பது என்று பெண்களின் குரல் ஏறிக்கொண்டே போனது. நாற்பதில் சிலர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. ஐம்பத்தேழில்தான் செங்கல் நிறம் வந்தது.

எஞ்சினியர் கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அடித்தண்ணீரில் கொஞ்சம் நாக்கில் விட்டு, முகத்தைச் சுளித்தார்.

“அண்டைக்கு எனக்குத் தந்த தண்ணி எந்த ஆழத்திலை எடுத்தது, அம்மா?”

நாகபூசணிக்கு அப்போதுதான் விளங்கியது. “ஐயோ பிள்ளை, உனக்கெண்டுதானே விடியப்புறம் மேலாலை அள்ளினனான்!” என்று தலையில் கைவைத்தாள். அதைக் கேட்டுச் சனம் சிரித்தது. பாலசிங்கமும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. “என்ரை பிழை. எங்கை எடுத்ததெண்டு நான் கேக்கேல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் கேட்டிருக்கும்.”

சேர்மனின் கையிலிருந்த கோப்பை வாங்கி, தன் கையெழுத்தின் குறுக்கே கோடிழுத்து, ‘மீளப் பெறப்பட்டது’ என்று எழுதினார். கொழும்பில் உள்ள மேலதிகாரிகளிடம் அவருக்கு அது நல்ல பேர் வாங்கித் தரப்போவதில்லை என்பது லியோனுக்குத் தெரியும். படித்தவர் என்று அன்றுதான் அவரை மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

வெடிவைக்கும் வேலை நின்றது. நெடுந்தீவுக்கு மாற்றக் கடிதம் ஆனியில் வந்தது. அதற்கிடையில் புதுத்துறையில் லியோனோடு பலர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கிணறு சவராகாமல் தப்பியது அவர்களுக்கும் விளங்கியது. ஆனால் ஒன்றரை மைல் அப்படியே கிடந்ததே! மேரிறோஸ் மட்டும் படகுத்துறைவரை வந்தாள்.

“வென்றிட்டாய் எண்டு நினைக்காதை,” என்றாள்.

“நினைக்கேல்லை.”

நெடுந்தீவில் மூன்று வருடம். தண்டனையாக அனுப்பப்பட்ட இடத்தில் லியோன் கிணறு கிணறாகப் போனார். ஒல்லாந்தர் காலத்தவை என்று சிலரும் அதற்கும் முந்தியவை என்று சிலரும் சொன்ன சிறு கிணறுகள் ஒரே இடத்தில் பத்து, பதினைந்து என்று நெருங்கிக் கிடந்தன. ஒன்றும் ஆளுயரத்துக்கு மேல் ஆழமில்லை. ஒரு பெரிய கிணற்றில் உறிஞ்சாமல், பல சின்னக் குழிகளில் கொஞ்சங்கொஞ்சமாக வழித்தெடுத்திருக்கிறார்கள். யார் முதலில் இதைக் கண்டுபிடித்தது? பெயர் எழுதிவைக்கவில்லை. ஆழம், அகலம், துளி என்று லியோன் கொப்பியில் எழுதினார். வரைந்தார். பாலசிங்கத்துக்குக் கடிதம் போட்டார். அவரிடமிருந்து கணக்குப் போட்டுப் பதில் வந்தது. குழிகளுக்குப் பதிலாக மணலுக்குள் நீளமாக ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, ஓட்டைக் குழாய் பதித்துக் கல்லால் மூடினால் மெசின் இல்லாமலே தண்ணீர் சாய்வாக ஓடும் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி: “இந்தமுறை எந்த ஆழமெண்டு முதலிலேயே சொல்லுங்கோ.”

1977இல் லியோன் நாவற்கேணிக்குத் திரும்பினார். அப்புத்துரை இன்னும் சேர்மன். வாய்க்கால் திட்டத்தை வாசித்துவிட்டு, “தோட்டத்துக்குத் தண்ணி இல்லை, அப்ப எனக்கு என்ன லாபம்?” என்றார். பிறகு தானே சொன்னார்: “அதைத்தானே அண்டைக்கும் சொன்னீர், எனக்கு லாபமுள்ளதிலை நான் பேசக்கூடாதெண்டு. இதிலை லாபமில்லை. பேசலாம்.” சபையில் அவரே முன்மொழிந்தார். குழாயும் சீமெந்தும் சபை கொடுக்கும், ஆள்வேலை புதுத்துறையார் செய்ய வேண்டும் என்று தீர்மானம்.

புதுத்துறைக்கு மேட்டுப்புறமாக, மண்கும்பான் பக்கத்து மணல்மேடுகளில் லியோன் பரிசோதனைக் குழி தோண்டத் தொடங்கினார். முதல் பதினொரு குழியும் சவர். துறையில் சிரித்தார்கள். “ஓவசியர் நண்டுப்பொந்து தேடுறார்” என்றார்கள். பன்னிரண்டாவதில் பதின்மூன்று துளி. பத்தொன்பதாவதில் எட்டு. அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, அவர் தனியாக மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு நூல் கட்டிக்கொண்டிருக்கையில் மேரிறோஸ் வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அதற்குப் பின்னால், வள்ளங்களைக் கரையில் விட்டுவிட்டு, ஆண்கள்.

“எந்தப் பக்கம் வெட்டவேணும், சொல்லு,” என்றாள்.

ஒன்றேகால் வருடம், ஞாயிறு ஞாயிறாக வெட்டினார்கள். 1979 பங்குனியில் புதுத்துறையின் கோவிலடியில் குழாயைத் திறந்தபோது நூலளவாகத் தண்ணீர் வந்தது, பிறகு விரலளவாக. கிழவிகள் முகத்தில் தெளித்துக்கொண்டார்கள். லியோன் அங்கேயே போத்தலில் பிடித்துத் துளி எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் வெய்யில் மண்ணை வறுத்தது. துளி பதினைந்துக்கு ஏறியது. விடிய ஒரு மணித்தியாலம் மட்டும் குழாய் திறப்பது, வீட்டுக்கு மூன்று குடம் என்று லியோன் பலகையில் எழுதி வைத்தார். அன்று குழாயை மூடியபோது வரிசையில் இன்னும் பத்துக் குடம் இருந்தது.

“எங்கடை கையாலை வெட்டின வாய்க்கால்! நீ ஆர் பூட்டுறதுக்கு?” என்று ஒருவன் கத்தினான்.

“நீங்கள் வெட்டினதுதான். வழிச்சு முடிச்சால் ஆவணியிலை கடல்தண்ணிதான் வரும். துளி எண்ணிக் காட்டட்டோ?”

“உம்மடை துளியைக் கொண்டுபோய்க் கடலிலை ஊத்தும்!”

“நாளைக்கு விடியத் திறப்பன். அதுக்கு முந்தி இல்லை.”

லியோன் திருகியை இறுக்கிவிட்டு அங்கேயே நின்றார். கூட்டம் திட்டியது, தன் பாட்டில் கலைந்தது. மேரிறோஸின் குடமும் வெறுமையாகத்தான் இருந்தது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. வரிசையில் மிஞ்சிய பத்துக் குடங்களையும் நேராக அடுக்கி, நாளைக்கு வரிசை பிசகாமல் இருக்கவென்று ஒவ்வொன்றின் கழுத்திலும் சீலைத்துண்டு கட்டினாள். தன்னுடையதை ஆறாவதாக, அது நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்தபடி வீட்டுக்கு நடந்தாள்.